வேலை குறையும் காலத்தில் காமிக்ஸ் வரைந்து பிழைப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2020 ஏப்ரலில் அமெரிக்க காமிக்ஸ் தொழில் சில வாரங்கள் அப்படியே நின்றது. கடைகளுக்குப் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்த பெரிய விநியோக நிறுவனமான டயமண்ட், கொரோனா காரணமாகப் புதிய இதழ்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. சில பதிப்பாளர்கள் ஓவியர்களிடம் 'இப்போதைக்குப் பென்சிலைக் கீழே வையுங்கள்' என்றார்கள். மே மாதம் வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் அதே நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பதிப்பாளர்கள் விற்றுத் தரச்சொல்லிக் கொடுத்துவைத்திருந்த புத்தகங்கள் யாருக்குச் சொந்தம் என்றுகூட வழக்கு கிளம்பியது.

இரண்டு முறையும் மேசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. பக்கத்தை நேரத்துக்குக் கொடுத்தவருக்கும் பணம் தள்ளிப்போனது. எனவே புதிதாக வருகிறவர்கள், கெட்ட காலம் எப்படியும் ஒருநாள் வரும் என்று வைத்துக்கொண்டே தொழிலை அமைத்துக்கொள்ளுங்கள். அது நோய்த்தொற்றாக இருக்கலாம், விலைவாசியாக இருக்கலாம், வீட்டில் ஒருவர் படுத்துவிடுவதாகவும் இருக்கலாம். எதுவானாலும் செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் படி: ஒரு பக்கத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம். பல வருடம் வரைந்தவர்களிடம்கூட 'ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?' என்று கேட்டால் 'ஒரு நாள், ஒன்றரை நாள்' என்று மழுப்புவார்கள். அந்த மழுப்பலில்தான் காசு ஒழுகுகிறது.

அடுத்து நீங்கள் முடிக்கப்போகும் மூன்று பக்கங்களுக்கு ஒரு தாளில் நேரத்தை எழுதிவாருங்கள். ஒரே எண்ணாக வேண்டாம், கட்டம் கட்டமாக எழுதுங்கள்: கதையைப் பக்கமாகப் பிரிப்பது, சிறு மாதிரிப் படம், பென்சில், அதன்மேல் இங்க், எழுத்தும் வசனப் பலூனும், வண்ணம். ஸ்கேன் செய்து தூசு தட்டுவது, எடிட்டர் கேட்ட திருத்தம், பார்த்து வரையப் படம் தேடியது, இவற்றையும் விடாதீர்கள். 'பழைய தந்தி அலுவலகம் உள்ளே எப்படி இருக்கும்' என்று இரண்டு மணி நேரம் தேடியதும் அந்தப் பக்கத்தின் வேலைதான்.

உதாரணமாக, கதை பிரிக்க 1, மாதிரிப் படம் 1, பென்சில் 5, இங்க் 4, எழுத்து 1, வண்ணம் 4. மொத்தம் 16 மணி நேரம். தனியாள் ஒருவர் எல்லாவற்றையும் செய்தால் இது ஒன்றும் மெதுவான வேகம் இல்லை.

இப்போது ஒரு மாதத்தைப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் உண்மையாக வரைகிறீர்கள், மாதத்துக்கு இருபது நாள் வேலை. 120 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் வரையலாமே என்று தோன்றும். நாற்காலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம், கோடு அவ்வளவு நேரம் வராது. மின்னஞ்சல், பில், புது வேலை தேடுவது, தலைவலி என்று அந்த 120இல் ஐந்தில் ஒரு பங்கு போகும். மிச்சம் 96. பக்கத்துக்கு 16 என்றால் மாதம் ஆறு பக்கம்.

ஆறுதானா என்று அதிர வேண்டாம். அமெரிக்க மாத இதழ்களில் மாதம் இருபது, இருபத்திரண்டு பக்கம் வருகிறதென்றால், அங்கே பென்சிலுக்கு ஒருவர், இங்க்குக்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என்று வேலை பிரிந்து நடக்கிறது. ஜப்பானிய வார இதழ்களில் வாரத்துக்கு இருபது பக்கம் போல வரைகிற மங்கா ஓவியர்களுக்குப் பின்னால் உதவியாளர்கள் இருக்கிறார்கள். அந்த வேகத்தைப் பார்த்துத் தனியாளாக நீங்கள் தேதி கொடுத்தால், முதல் மாதம் தூக்கம் போகும், இரண்டாம் மாதம் பெயர் போகும்.

இரண்டாம் படி: அந்த எண்ணிலிருந்து விலை

ஒரு மாதம் வீடு ஓட எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். அதோடு வரி, மென்பொருள் சந்தா, பேனா நிப், காகிதம், பழுதாகப்போகும் வரைபலகைக்கு (டேப்லெட்) மாதாமாதம் ஒதுக்கும் தொகை, வேலையே இல்லாத மாதத்துக்கான சேமிப்பு. எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுங்கள். அதுதான் உங்கள் பக்கக் கட்டணத்தின் அடிமட்டம். சந்தை அதைத் தருமா என்பது வேறு கேள்வி. தராவிட்டாலும் எண் கையில் இருக்கட்டும்.

ஏனென்றால் கெட்ட காலத்தில் வரும் வேலைகள் பெரும்பாலும் அடிமட்டத்துக்குக் கீழேதான் வரும். 'இப்போது நிலைமை சரியில்லை, பாதித் தொகைக்கு முடியுமா?' என்பார்கள். கேட்பவரும் கஷ்டத்தில் இருக்கலாம். அப்போது நீங்கள் 'சரி' அல்லது 'முடியாது' என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று இல்லை. 'பாதித் தொகைக்கு எட்டு மணி நேரப் பக்கம் தரலாம்' என்று சொல்லலாம். மணிக்கணக்கு எழுதி வைத்தவரால்தான் இப்படிப் பேச முடியும்.

எட்டு மணி நேரப் பக்கம் எப்படி இருக்கும்? வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையும் ஒரே ஒரு சாம்பல் நிறமும். பக்கத்தில் ஏழு படக் கட்டத்துக்குப் பதில் நான்கு. பின்னணியை முதல் கட்டத்தில் முழுசாகக் காட்டிவிட்டால், அப்புறம் ஒரு ஜன்னல் விளிம்போ தூணோ போதும், வாசகர் மனதில் இடம் நின்றுவிடும். அடிக்கடி வரும் அறையை ஒருமுறை பிளெண்டர் என்ற மென்பொருளில் எளிமையான முப்பரிமாண மாதிரியாகச் செய்துகொண்டால், கோணம் மாற்றி மாற்றி அதன்மேல் வரையலாம். பென்சிலை இறுக்கமாக முடிக்காமல் தளர்வாக விட்டு இங்க்கில் தீர்மானிப்பதும் ஒரு வழி. இதற்குக் கை கொஞ்சம் பழக வேண்டும்.

தரத்தைக் குறைப்பதாக இதை நினைக்கத் தேவையில்லை. நல்ல காமிக்ஸ் பல, குறைந்த கோடுகளில் வந்தவைதான். ஆனால் பாதிப் பணத்துக்கு முழுப் பதினாறு மணி நேரப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, நெஞ்சுக்குள் கசப்பை வளர்ப்பது நீண்ட நாள் ஓடாது. அந்தக் கசப்பு கோட்டில் தெரியும்.

மூன்றாம் படி: நாளைப் பிரிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்ட காலத்தில் முதலில் உடைவது தினசரி ஒழுங்குதான்.

காமிக்ஸ் வேலையில் இரண்டு வகை இருக்கிறது. தலை வேண்டிய வேலை, கை மட்டும் போதுமான வேலை. கதையைப் பிரிப்பது, மாதிரிப் படம், முகபாவம், கடினமான கோணம், வசனத்தைச் சுருக்குவது, இவை தலை வேண்டியவை. கட்டங்களுக்குக் கோடு இழுப்பது, கறுப்பு நிரப்புவது, வண்ணத்துக்கு அடித்தளமாகத் தட்டையான நிறங்களைப் பிரிப்பது, பலூன்களை வைப்பது, ஸ்கேனைச் சுத்தம் செய்வது, கோப்புக்குப் பெயர் வைப்பது எல்லாம் கை வேலை.

நல்ல நாளில் தலை வேலையைக் காலையிலும் கை வேலையைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பறவைகள் நேரத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். முக்கியமான விஷயம், கை வேலைகளை எல்லாம் உடனுக்குடன் தீர்த்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள்: '4ஆம் பக்கம் கறுப்பு நிரப்ப', '7ஆம் பக்கம் கட்டக் கோடு', '2, 3 பலூன்'.

மோசமான செய்தி வந்த நாளில், மருத்துவமனையில் காத்திருந்துவிட்டுத் திரும்பிய நாளில், தலை வேலை செய்யாது. அந்த நாளில் புதுக் காட்சியைப் பிரிக்க உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு, 'எனக்குத் திறமையே இல்லை' என்ற முடிவோடு எழுந்திருப்பீர்கள். திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீட்டைப் பார்த்துக் கறுப்பு நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னே நகர்ந்திருக்கும். சில நாள் அதோடு போதும். சில நாள், கை ஓடத் தொடங்கியதும் தலையும் பின்னாலேயே வந்துவிடும்.

மிக மோசமான வாரங்களுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு கட்டம். ஆறு கட்டப் பக்கம் என்றால் ஆறு நாளில் ஒரு பக்கம். அதுவும் முடியாத நாள் வரும். அதை அடுத்த நாள் கணக்கில் சேர்க்காதீர்கள். கடன் ஏறினால் ஒரு கட்டமும் மலையாகத் தெரியும்.

செய்தி பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். வரையும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். பார்த்து வரையப் படம் தேவை என்றால் முந்தின நாளே எடுத்து ஒரு கோப்புறையில் போட்டுவையுங்கள். தேடப் போன இடத்திலிருந்து திரும்பி வருவது அவ்வளவு சுலபமாக இல்லை.

வீட்டிலிருப்பவர்களுக்கு உங்கள் வேலை நேரம் தெரிய வேண்டும். வரைகிறவர் வீட்டிலேயே இருப்பதால் சும்மா இருப்பதாகத்தான் எல்லோருக்கும் படும். 'பத்திலிருந்து ஒன்று வரை என்னைக் கூப்பிடாதீர்கள், ஒன்றுக்கு மேல் எதற்கு வேண்டுமானாலும் வருகிறேன்' என்று பேசிக்கொள்வது, நாள் முழுக்க அரைகுறையாக இருப்பதைவிட இரண்டு தரப்புக்கும் நல்லது. சிறு குழந்தையோ நோயாளியோ இருந்தால் மூன்று மணி நேரம் ஒரேயடியாகக் கிடைக்காது. அப்படியானால் இருபது நிமிடத்தில் முடியும் துண்டுகளாக வேலையை வெட்டிவையுங்கள். அந்தச் சீட்டு இங்கேயும் உதவும்.

நான்காம் படி: உடம்பு

கை போனால் தொழில் போகிறது. கட்டை விரலின் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் சுரீரென்று வலித்தால் அது தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம். இரவில் கட்டை, ஆள்காட்டி, நடு விரல்கள் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். இரண்டையும் 'கெடு முடியட்டும்' என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் ஓய்வும் கட்டும் போதுமாக இருப்பது, தள்ளிப்போட்டால் மாதக்கணக்கில் கையைக் கட்டிப்போடும்.

நீளக் கோடுகளைத் தோளிலிருந்து இழுங்கள், மணிக்கட்டிலிருந்து இழுக்காதீர்கள். பேனாவை நெரிக்கிறீர்களா என்று அவ்வப்போது பாருங்கள். பதற்றமான காலத்தில் பிடி தானாக இறுகும். மேசையைச் சாய்த்து வைத்தால் கழுத்துக்கு நல்லது. கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வதுண்டு. டைமர் வைத்தால்தான் நடக்கும்.

ஐந்தாம் படி: கையெழுத்துப் போடும் முன்

1938இல் சூப்பர்மேன் பாத்திரத்தின் உரிமையை, அதை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பல ஆண்டு வழக்குகளுக்கும் பொதுமக்கள் எழுப்பிய குரலுக்கும் பிறகு, 1975 முடியும் நேரத்தில்தான் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அவர்களும் பொருளாதார மந்தக் காலத்து இளைஞர்கள்தான். கையில் காசில்லாத நேரத்தில் நீட்டப்படும் தாள், எழுதியிருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும்.

எனவே ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டியவை: எந்த உரிமையைக் கொடுக்கிறீர்கள் (அச்சுக்கு மட்டுமா, மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், பொம்மை எல்லாமுமா), எவ்வளவு காலத்துக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல்போனால் உரிமை திரும்பி வருமா, பணம் எந்தத் தேதியில், எத்தனை முறை திருத்தம் இலவசம், பாதியில் நிறுத்தினால் செய்த வேலைக்கு என்ன தொகை, தாளில் வரைந்த மூலப் பக்கங்கள் யாருடையவை. இப்போது கூடுதலாக ஒன்று: உங்கள் படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாமா என்பது.

'முன்பணம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ராயல்டிக்கு எதிரான முன்பணம் என்றால், புத்தகம் விற்று உங்கள் பங்கு அந்தத் தொகையைத் தாண்டிய பிறகுதான் அடுத்த பைசா வரும். பக்கக் கட்டணம் வேறு, இது வேறு. வேலைக்கான கூலியாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் பாத்திரமும் கதையும் நிறுவனத்துக்கே சொந்தம். அதில் தவறில்லை, பலர் அதில்தான் வாழ்கிறார்கள். ஆனால் உங்களுக்கு மிகப் பிடித்த, நெஞ்சுக்குள் பல வருடமாக வைத்திருக்கும் பாத்திரத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

பக்கத்தை அனுப்பும் அன்றே பில்லையும் அனுப்புங்கள். தேதி தாண்டினால் அடுத்த நாளே மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் தடவையும் பதில் இல்லையென்றால், அடுத்த பக்கங்களின் அச்சுத்தரக் கோப்பைத் தராமல் சிறிய அளவுப் படம் மட்டும் காட்டுங்கள். தனி நபர் கேட்கும் படங்களுக்குப் பாதிப் பணம் முன்னால் வாங்குவது வழக்கம், கேட்கத் தயங்க வேண்டாம். 'பணம் இல்லை, ஆனால் பெயர் கிடைக்கும்' என்று வருபவருக்கு என்ன சொல்வது என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: ஒரே வாசலை நம்பாமல் இருப்பது

பக்கக் கட்டணம் தவிர, மாதச் சந்தா வாசகர்கள், வாசகர் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கூட்டு நிதி, தனிப் படங்கள், மூலப் பக்க விற்பனை, பயிற்சி வகுப்பு, விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் காட்சிகளை முன்கூட்டியே படமாக வரைந்து தரும் ஸ்டோரிபோர்டு என்று பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் செய்யப் போனால் வரைய நேரம் இருக்காது. ஒன்றிரண்டு போதும். அதில் ஒன்றாவது உங்கள் சொந்தப் படைப்பிலிருந்து வருவதாக இருக்கட்டும்.

பேட்ரியான் போன்ற மாதச் சந்தாவில் ஆர்வக்கோளாறில் வாக்குறுதிகளை அள்ளிவீசுகிறவர்கள் அதிகம். மாதம் ஒரு தபால் அட்டை, ஒரு வீடியோ, ஒரு தனிப் படம்... அதுவே தனி வேலையாகிவிடும். எப்படியும் செய்கிற வேலையை, பென்சில் நிலையையோ மாதிரிப் படத்தையோ, முன்கூட்டியே காட்டுவது மட்டும் போதும்.

கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டு நிதியில் இலக்கை எட்டினால்தான் பணம், எட்டாவிட்டால் ஒன்றும் இல்லை. எட்டிய பிறகுதான் உண்மையான ஆபத்து. அச்சுக்கும் தபாலுக்கும் இன்றைய விலையை வைத்துக் கணக்குப் போட்டு, புத்தகத்தை ஒரு வருடம் கழித்து அனுப்பினால் நடுவில் விலை ஏறியிருக்கும். கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் காகிதமும் சரக்குக் கட்டணமும் ஏறியபோது பல சிறு படைப்பாளிகள் இதில் மாட்டினார்கள். ஆகவே கடைசிப் பக்கம் வரை வரைந்து முடித்த பிறகே நிதி கேளுங்கள். தபால் கட்டணத்தைப் புத்தகம் அனுப்பும் நேரத்தில் தனியாக வசூலியுங்கள்.

தாளில் வரைகிறவர்களுக்கு மூலப் பக்கம் ஒரு சொத்து. ஸ்கேன் செய்த பிறகு தட்டையாக, அமிலமில்லாத உறையில் வையுங்கள். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி தான் வரைந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை மார்வெல் நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற 1980களில் போராட வேண்டியிருந்தது, 1987இல் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. உங்களுடையது இப்போதே உங்களிடம் இருக்கிறது.

ஏழாம் படி: கோப்புகள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோட்டு ஓவியம் அச்சுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணம் 300 டிபிஐ. வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் படம் நீண்டிருக்கட்டும். பலூன் எழுத்து தனி அடுக்கில் இருந்தால் மொழிபெயர்ப்பு வரும்போது காசாகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மென்பொருள் சந்தா கட்ட முடியாத மாதம் வந்தால் கிருதா (Krita) என்ற வரையும் மென்பொருள் இலவசம், முழுப் புத்தகமே அதில் முடிக்கலாம். ஆனால் கெடுவுக்கு நடுவில் மாறாதீர்கள்.

எட்டாம் படி: வாயைத் திறந்து சொல்வது

தேதி தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே எடிட்டருக்கு எழுதுங்கள். 'வீட்டில் உடல்நலப் பிரச்சினை, 12ஆம் பக்கம் வரை தயார், மிச்சம் பத்து நாள் தாமதமாகும்' என்று மூன்று வரி போதும். முன்பே தெரிந்தால் அவரால் அச்சகத்திடம் பேச முடியும், பக்க வரிசையை மாற்ற முடியும். கடைசி நாள் தெரிந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. காணாமல்போன ஓவியரைத்தான் எடிட்டர்கள் மறக்க மாட்டார்கள், தாமதமானவரை மன்னித்துவிடுவார்கள்.

மற்ற ஓவியர்களோடு வீடியோ அழைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பேசாமல் அவரவர் வேலையைப் பார்ப்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். செய்து பாருங்கள், இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அந்த நண்பர்களிடமே கட்டணம் பற்றியும் பேசுங்கள். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது ரகசியமாக இருக்கும்வரை எல்லோருக்கும் குறைவாகத்தான் கிடைக்கும்.

அமெரிக்காவில் ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அறக்கட்டளை 2000ஆம் ஆண்டிலிருந்து காமிக்ஸ் படைப்பாளிகளின் மருத்துவத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உதவிவருகிறது. உங்கள் நாட்டிலும் கலைஞர் நலநிதி, எழுத்தாளர் சங்கம் போன்றவை இருக்கிறதா என்று கஷ்டம் வருவதற்கு முன்பே பார்த்து, விண்ணப்ப விதியைக் குறித்துவையுங்கள்.

வேறு வேலை பார்க்க நேர்ந்தால்

சில காலம் மேலே சொன்னவை எல்லாம் செய்தும் போதாமல்போகும். அப்போது சம்பள வேலைக்குப் போவதில் எந்தக் கேவலமும் இல்லை. சுயசரிதை காமிக்ஸில் பெரிய பெயரான ஹார்வி பீக்கர், முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு மருத்துவமனையில் கோப்பு எழுத்தராகவே வேலை பார்த்து 2001இல் ஓய்வு பெற்றார். 1976இலிருந்து தன் கதைகளைத் தானே வெளியிட்டுக்கொண்டும் இருந்தார். அவர் எழுதினார், படத்தை மற்றவர்கள் வரைந்தார்கள்.

இங்கேயும் கணக்குப் போடலாம். வேலை நாட்களில் தினம் இரண்டு மணி நேரம் வரைந்தால் வாரத்துக்குப் பத்து. பதினாறு மணி நேரப் பக்கம் என்றால் வருடத்துக்கு முப்பது பக்கம் வரும். எட்டு மணி நேரப் பாணியில் அறுபது, அதாவது ஒரு சின்னப் புத்தகம். வேலையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், நாள் முழுக்கத் திரையும் மௌஸும் பிடிக்கிற வேலையைக் கடைசியில் வையுங்கள். மாலையில் மணிக்கட்டும் கண்ணும் மிச்சம் இருக்க வேண்டும்.